ஹுவேயின் கல்லைச் சுமந்தவர்கள்

நடு வியட்நாமில், ஹுவாங் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹுவே. 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்து அரசர்கள் 13 பேர் இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று அங்கே போகிறவர்களுக்குச் சுற்றுலா நிறுவனங்கள் ஒரு நாள் பயணம் வகுத்து வைத்திருக்கின்றன. காலையில் கோட்டையும் அரண்மனையும், பிறகு தியென் மு பகோடா, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று அரசர் கல்லறைகள், மாலையில் ஆற்றில் படகும் பாட்டும். வழிகாட்டிகள் விவரம் தெரிந்தவர்கள். எந்த அரசர் எந்த ஆண்டில் எதைக் கட்டினார் என்பதைத் தாளைப் பார்க்காமல் சொல்வார்கள்.

அரசர்கள் கட்டினார்கள் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. யாருடைய நிலத்தில், யாருடைய கைகளால், யாருடைய வரிப்பணத்தில் என்பதற்கும் ஹுவேயில் விடை இருக்கிறது. அரசவைக் குறிப்புகளிலும் ஊராரின் வழிபாட்டிலும் அது பதிவாகியிருக்கிறது. அந்த விடையையும் சேர்த்துக்கொண்டு இதே பாதையில் போனால் இந்த நகரம் வேறாகத் தெரிகிறது.

பேருந்து முதலில் நிற்பது கொடிமேடைக்கு எதிரே. 1807-இல் மூன்றடுக்காக எழுப்பிய மேடை அது. அதற்கு இருபுறமும் விரியும் கோட்டைச் சுவரின் சுற்றளவு ஏறத்தாழ 10 கி.மீ.; உயரம் ஆறரை மீட்டர், கனம் சுமார் 21 மீட்டர். சுவரிலிருந்து கூர் கூராக வெளியே நீளும் கொத்தளங்கள் பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபானின் பாணி. முதல் அரசரான ஜியா லாங் அரியணைக்காகத் தெற்கே போரிட்ட காலத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் சிலர் அவரிடம் பணியாற்றினார்கள். அந்தத் தொடர்பில் வந்த வடிவம் இது. கோட்டையின் திசையும் இருப்பும் மட்டும் கீழைநாட்டு மனைசாத்திரப்படி அமைந்தவை. எதிரே திரைபோல நூ பின் குன்று. ஆற்றில் உள்ள இரண்டு திட்டுகளில் ஒன்று காவல் நாகம், மற்றது காவல் புலி.

சுவர் எழும் முன்பு அந்த இடத்தில் எட்டு கிராமங்கள் இருந்தன. ஃபு சுவான் என்ற ஊர் தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தது. அதோடு சேர்த்து மற்ற ஏழு ஊர்களின் வயலும் வீடும் இடுகாடும் கோட்டைக்குள் போயின. ஆற்றின் இரண்டு கிளைகளைத் தூர்த்தும் திருப்பியும் உள்ளே கால்வாயாக்கினார்கள். 1805-இல் மண்சுவராகத் தொடங்கிய வேலை, 1818-க்குப் பிறகு செங்கல் போர்த்தி, 1832-இல் ஜியா லாங்கின் மகன் மின் மாங் காலத்தில்தான் முடிந்தது. படைவீரர்களும் பல மாகாணங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட குடிமக்களுமாகப் பல்லாயிரம் பேர் உழைத்தார்கள். இவ்வளவு கனமான சுவரில் பெரும்பகுதி மண் என்பதால், அது முதலில் கூடைகளில் சுமந்த சுவர்.

அந்த எட்டு ஊர்க்காரர்களுக்கும் முன்னால் இந்த மண் வேறு மக்களுடையது. 1306-இல் சம்பா நாட்டு அரசன் மூன்றாம் ஜெய சிம்மவர்மன், வியட்நாமிய இளவரசி ஹுயென் ட்ரானை மணந்தபோது இரண்டு மாகாணங்களைப் பரிசமாகக் கொடுத்தான். ஹுவே அமைந்திருப்பது அந்த நிலத்தில். சம்பா அரசர்கள் சிவனை வழிபட்டார்கள், சமஸ்கிருதத்தில் கல்வெட்டு வெட்டினார்கள். அவர்களுடைய எழுத்து தென்னிந்திய எழுத்து மரபிலிருந்து வந்தது. ஹுவேக்குக் கிழக்கே கடற்கரையில், ஃபு தியென் என்ற இடத்தில், 2001-இல் மணலுக்குள் பல மீட்டர் ஆழத்தில் சம்பா காலச் செங்கல் கோயில் ஒன்று கிடைத்தது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு நாள் பயணத்தில் அதற்கு இடமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கேட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

கோட்டைக்குள்ளே இன்னொரு மதில். அதன் தெற்கு வாசல் நோ மோன், 1833-இல் கட்டியது. ஐந்து வழிகள் கொண்டது. நடுவழி அரசருக்கு மட்டும். அதன் இருபக்கமும் அதிகாரிகளுக்கு. ஓரத்து வழிகள் இரண்டும் வீரர்களுக்கும் யானை, குதிரைகளுக்கும். கல் சுமந்தவர்களுக்கு இதில் வழியே இல்லை. 1945 ஆகஸ்ட் 30 அன்று இந்த வாசலின் மேல்மாடத்தில் நின்றுதான் கடைசி அரசர் பாவ் டாய் முடி துறந்தார். தங்க முத்திரையும் வாளும் புதிய அரசின் பிரதிநிதிகள் கைக்குப் போயின. மின் மாங் 1823-இல் வார்க்கச் செய்த அந்த முத்திரையின் எடை 10.78 கிலோ. பின்னால் அது போருக்கிடையில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், மீண்டும் பாவ் டாயிடம் வந்து, பிரான்சைச் சேர்ந்தது. 2022-இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது வியட்நாம் அரசு தலையிட்டு நிறுத்தியது. 2023-இல் முத்திரை நாடு திரும்பியது.

வாசலைத் தாண்டினால் தாய் ஹோவா மண்டபம், 80 தூண்களில் நிற்கிறது. எல்லாரும் அங்கே அரியணையைப் பார்த்துவிட்டு வேகமாக நகர்வார்கள். நின்று பார்க்க வேண்டியது அதற்குத் தென்மேற்கே, தே மியு கோயிலின் முற்றத்தில். ஒன்பது வெண்கலத் தாழிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு டன் அல்லது அதற்கு மேல். 1835-இல் வார்ப்பு தொடங்கி 1837-இல் முடிந்தது. ஒவ்வொன்றின் உடலிலும் 17 புடைப்புச் சித்திரங்கள், ஒன்பதுக்கும் சேர்த்து 153. சூரியன், சந்திரன், மலை, ஆறு, கால்வாய், கப்பல், பீரங்கி என்று போகும் அந்த வரிசையில் நெல் இருக்கிறது, பலா இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, யானையும் காண்டாமிருகமும் இருக்கின்றன. வம்சத்தின் பெருமைக்காக வார்த்த பாத்திரங்களில் நாட்டின் வயலும் தோட்டமும் இடம்பெற்றது பெரிய விஷயம். வார்த்தவர்கள் தாங்கள் அன்றாடம் உண்டதையும் பயிரிட்டதையும் அறிந்தவர்கள் என்பது அந்தப் பலாப்பழத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவர்கள் பெயர் எதிலும் இல்லை. இந்தச் சித்திரங்களை 2024-இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சில தாழிகளில் குண்டு பட்ட தழும்புகள் தெரியும்.

இந்த நகரத்துத் தழும்புகளின் கதை 1885-இல் தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு முந்தைய ஆண்டே நாட்டைத் தங்கள் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். ஜூலை 5 அதிகாலையில் அமைச்சர் டோன் தட் துயெட் பிரெஞ்சுப் படைமீது தாக்குதல் தொடுத்தார். விடிந்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. பதின்வயது அரசர் ஹாம் நி மலைப்பக்கம் கொண்டுசெல்லப்பட்டார், அரண்மனை சூறையாடப்பட்டது. இருட்டில் வாசல்களை நோக்கி ஓடிய பொதுமக்கள் மிதிபட்டும் அகழியில் விழுந்தும் குண்டுபட்டும் மடிந்தார்கள்.

அந்த நாள் சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் 23-ஆம் தேதி. இன்றும் அதையொட்டி ஹுவேயில் வீட்டு வாசல்களிலும் தெருமுனைகளிலும் சந்தைகளிலும் படையல் வைக்கிறார்கள். கஞ்சி, சோறு, அரிசி, உப்பு, காகிதப் பணம். கூடவே ஒரு குடம் தண்ணீர், தாகத்தோடு இறந்தவர்களுக்கு. ஓரமாக நெருப்பு மூட்டுவார்கள். அகழி நீரில் மூழ்கியவர்களுக்குக் குளிரும் அல்லவா. பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் படையல். கோட்டைக்குள் மாய் துக் லோவான் தெருவின் சந்திப்பு ஒன்றில் அவர்களுக்கென்று ஒரு சிறு கோயிலும் இருக்கிறது. அரசர் கோயிலில் ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. இந்தச் சிறு கோயிலில் பெயர்ப்பலகைக்கு வேலையில்லை. ஹுவேயில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்களை அந்தத் தெருமுனைக்கு அனுப்பலாம்.

பிறகு வந்த அழிவுகள் இன்னும் பெரியவை. அரசரும் குடும்பமும் வாழ்ந்த உள் அரண்மனை 1947-இல், பிரெஞ்சுப் படையோடு நடந்த சண்டையின்போது எரிந்துபோனது. 1968 ஜனவரி 31 அதிகாலையில், டெட் புத்தாண்டு நாட்களில், வட வியட்நாமியப் படையும் தென் வியட்நாமிய விடுதலை முன்னணியும் நகரைப் பிடித்தன. கொடிமேடையில் 25 நாட்கள் அவர்கள் கொடி பறந்தது. தெருத் தெருவாக, சுவர் சுவராகச் சண்டை. பீரங்கியும் விமான குண்டும் விழுந்தன. நகரத்து வீடுகளில் பாதிக்கு மேல் இடிந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். நகரைப் பிடித்து வைத்திருந்தவர்களால் கொல்லப்பட்ட பொதுமக்களின் கூட்டுப் புதைகுழிகள் பின்னர் தோண்டத் தோண்ட வெளிப்பட்டன. சுற்றுலாவில் இந்தப் பகுதி இரண்டு வாக்கியத்தில் கடந்துபோகும். இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னமும் ஊரில் இருக்கின்றன. வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் குறை சொல்ல முடியாது.

ஆற்றின் வடகரையில் மேற்கே போனால் தியென் மு. 1601-இல் நுயென் அரசர்களின் முன்னோரான நுயென் ஹோவாங் நிறுவிய பௌத்தக் கோயில். முகப்பில் நிற்கும் ஏழடுக்குக் கோபுரம் 1844-இல் தியூ ட்ரி அரசர் கட்டியது, உயரம் 21 மீட்டர். கோயிலின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு நீலநிற ஆஸ்டின் கார் நிற்கிறது. 1963 ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் திக் குவாங் டுக் என்ற துறவி தம்மைத் தீக்கு இரையாக்கிக்கொண்டார். அவரை அங்கே கொண்டுவந்த கார் இது. அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 8 அன்று, புத்தர் பிறந்தநாளில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை விதித்ததை எதிர்த்து ஹுவே வானொலி நிலையத்தின் முன்னால் கூடியவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து கிளம்பிய போராட்டம்தான் சைகோன் வரை போனது. காரைப் படம் எடுப்பவர்களுக்கு இந்தத் தொடக்கத்தையும் சொன்னால், அது ஏன் சைகோனில் இல்லாமல் இங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

மதியம் கல்லறைகள். ஹுவே அரசர்கள் பலர் வாழும்போதே தங்கள் கல்லறைக்கு இடம் பார்த்துக் கட்டத் தொடங்கியவர்கள். அவற்றில் அழகு மிகுந்தது து டுக்குடையது. பைன் மரங்களுக்கு நடுவே ஏரி, ஏரிமேல் மரக்கால்களில் நிற்கும் மண்டபம், நாடக அரங்கு, தங்கும் மாளிகை என்று 12 ஹெக்டேரில் ஏறத்தாழ 50 கட்டடங்கள். து டுக் அங்கே தாமரையைப் பார்த்தபடி கவிதை எழுதினார், ஓய்வெடுத்தார். 1883-இல் இறக்கும்வரை அது அவருக்கு இரண்டாவது அரண்மனை.

வேலை தொடங்கிய ஆண்டு 1864. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் தெற்கே மூன்று மாகாணங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். போர் இழப்பீடும் தலைமேல் இருந்தது. அந்த நெருக்கடியில் சுமார் 3,000 வீரர்களையும் ஆட்களையும் காட்டுக்குள் கொண்டுபோய், ஆறு ஆண்டில் முடிக்கலாம் என்று போட்ட திட்டத்தை மூன்றே ஆண்டில் முடிக்க விரட்டினார்கள். மேற்பார்வை அதிகாரிகளின் பிரம்படி ஓயவில்லை. அந்த இடத்துக்கு முதலில் வைத்த பெயர் பத்தாயிரம் ஆண்டு நிலைப்பதைக் குறித்தது. அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டு, எலும்பும் இரத்தமும் சேர்ந்த சுவர் என்று மக்கள் பாட்டுக் கட்டினார்கள்.

1866 செப்டம்பர் 16 இரவு அது வெடித்தது. தலைமை ஏற்றவர் தோவான் ஹூ ட்ருங், வயது 22. கவிதை எழுதுபவர், அரச குடும்பத்துக் கவிஞரான துங் தியென் இளவரசரின் மருமகன். அவருடைய தம்பிகளும் கூட நின்றார்கள். து டுக்கை இறக்கிவிட்டு, அவருடைய இறந்த அண்ணன் ஹோங் பாவின் மகனை அரசராக்குவது திட்டம். அண்ணனைத் தள்ளித்தான் 1847-இல் து டுக் அரியணைக்கு வந்தார். அண்ணன் 1854-இல் சிறையில் இறந்தார். கல்லறை வேலைக்காரர்களிடம் துப்பாக்கி இல்லை. சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டே தலைநகருக்கு நடந்தார்கள், அரண்மனை மதிலுக்குள்ளும் புகுந்தார்கள். உள்வாசலை ஒரு தளபதி சரியான நேரத்தில் அடைத்துவிட்டதால் முயற்சி அங்கேயே முறிந்தது. தலைவர்கள் கொல்லப்பட்டார்கள், அரசராக வேண்டியிருந்த பிள்ளையும் தப்பவில்லை. வியட்நாமிய வரலாறு இதைச் சுண்ணாம்பு உலக்கைக் கலகம் என்று குறிப்பிடுகிறது.

து டுக் அதன்பின் அந்த இடத்தின் பெயரைப் பணிவு என்ற பொருளுக்கு மாற்றினார். உள்ளே இருக்கும் வாசல், மண்டபம், ஏரி எல்லாவற்றின் பெயரிலும் அதே சொல்லைச் சேர்த்தார். பெற்ற பிள்ளை இல்லாததால் தம் கல்வெட்டைத் தாமே எழுதிக்கொண்டார்: 4,935 எழுத்துகள். அதில் தம் குறைகளையும், நாட்டை இழந்த வருத்தத்தையும் ஒப்புக்கொள்கிறார். ஒரு அரசர் கல்லில் இப்படி எழுதி வைத்தது அரிய செயல், மதிக்கத்தக்கது. அந்தக் கல் சுமார் 20 டன். ஏறத்தாழ 500 கி.மீ. வடக்கே தான் ஹோவாவிலிருந்து ஆட்களே இழுத்து வந்தார்கள். பணிவைச் சொல்லும் வாசகத்துக்கும் அவ்வளவு தோள்கள் தேவைப்பட்டன.

இங்கே வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை வேறு. அரசரைப் புதைத்த இடம் தெரியக் கூடாது என்று, புதைத்த 200 பேரின் தலையை வெட்டிவிட்டார்களாம். கேட்பவர்கள் வாய் பிளப்பார்கள். அதற்குச் சான்று எதுவும் இல்லை. சான்றுள்ள கலகம், ஊரும் பெயரும் தேதியும் உள்ள கலகம், பலமுறை சொல்லப்படாமலே போகிறது. வெட்டுண்டதாகச் சொல்லப்படும் 200 பேர் வாயில்லாப் பலிகள். உலக்கை ஏந்தியவர்கள் தங்கள் நிலையை மாற்ற எழுந்த மனிதர்கள். பயணிகளிடம் பின்னவர்களைப் பற்றிச் சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

காய் டின் அரசரின் கல்லறைக்குப் போக 127 படி ஏற வேண்டும். 1920-இல் தொடங்கி, அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து 1931-இல் முடிந்தது. பரப்பில் சிறியது, செலவில் பெரியது. பிரான்சிலிருந்து சிமெண்டும் இரும்பும், சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பீங்கானும் கண்ணாடியும் வந்தன. இதற்காக நில வரியை 30 சதவீதம் கூட்டப் பிரெஞ்சு அரசின் அனுமதியை அரசர் பெற்றார். 1908-இலேயே வரிச்சுமை தாங்காமல் நடு வியட்நாம் உழவர்கள் ஹுவே வரை திரண்டு வந்து சுடப்பட்டவர்கள். அதே மக்கள்மீதுதான் இந்த வரியும். 1922-இல் காய் டின் மார்செய் காலனியக் கண்காட்சிக்குப் போனபோது, பிரான்சில் நாடுகடந்து வாழ்ந்த சீர்திருத்தவாதி ஃபான் சாவ் திரின் ஏழு குற்றங்களை அடுக்கி அவருக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில் ஹோ சி மின் என்று அறியப்பட்ட இளைஞர் அவரைச் சாடி நாடகம் எழுதினார்.

ஆனால் உள்ளே போனதும் கண் விரியத்தான் செய்யும். சுவர் முழுக்க உடைந்த பீங்கான் சில்லுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் வெட்டிப் பொருத்திப் பூவும் பறவையும் பருவங்களும் செய்திருக்கிறார்கள். மேற்கூரையில் மேகத்துக்குள் ஒன்பது நாகங்கள். தீட்டியவர் ஃபான் வான் தான். ஹுவேயின் பெருங்கட்டடங்களில் கலைஞரின் பெயர் பரவலாகத் தெரிவது இங்கே மட்டும் என்றே சொல்லலாம். வரியின் கதை தெரிந்த பிறகும் அந்த வேலைப்பாட்டின் மேல் உள்ள மதிப்பு குறைவதில்லை, கூடுகிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அரச விருந்து என்று காய்கறியை மயிலாகச் செதுக்கி வைக்கும் கடைகளுக்குத்தான் பயணிகளை அழைத்துப்போகிறார்கள். ஊர்க்காரர்கள் காலையில் சாப்பிடுவது கோம் ஹென்: ஆறிய சோற்றில் ஆற்று மட்டிச் சதை, கீரை, வேர்க்கடலை, மிளகாய், இறால் விழுது. ஆற்றின் நடுவே உள்ள கோன் ஹென் திட்டில் மட்டி எடுத்துப் பிழைத்தவர்களின் உணவு. விலை குறைவு, ருசி அதிகம்.

1981-இல் யுனெஸ்கோ தலைமை இயக்குநர் அமது மஹ்தார் ம்போ, ஹுவேயைக் காக்க உலகம் உதவ வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். 1993-இல் ஹுவே வியட்நாமின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதிலிருந்து தச்சர்களும் அரக்குப் பூசுபவர்களும் பீங்கான் சில்லு பதிப்பவர்களும் தொடர்ந்து வேலை செய்கிறார்கள். 1947-இல் அழிந்த கியென் ட்ருங் மாளிகையைத் திரும்பக் கட்டி 2024-இல் திறந்தார்கள். தாய் ஹோவா மண்டபமும் அதே ஆண்டு சீரமைந்து திறந்தது. பழைய படங்களையும் அடித்தளத்தையும் வைத்துக் கட்டிய புதுக் கட்டடம் வரலாறாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். இருநூறு ஆண்டுக் கைத்தொழில் அறுந்துவிடாமல் அடுத்த தலைமுறையின் விரல்களுக்குப் போகிறது என்ற ஒன்றுக்காகவே அது நடக்கலாம்.

கோட்டைச் சுவருக்கு மட்டும் வேறொரு கணக்கு பாக்கி இருந்தது. போரில் வீடிழந்தவர்களும் கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்களும் 1960-களிலிருந்தே சுவரின் மேலும் கொத்தளங்களிலும் அகழிக் கரையிலும் குடிசை போட்டார்கள். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. தகரக் கூரை, ஒண்டுக் குடித்தனம், ஒழுங்கான கழிவுநீர்ப் பாதை இல்லை. பாரம்பரியச் சின்னம் என்பதால் வீட்டைச் செப்பனிடவும் அனுமதி கிடைக்கவில்லை. 2019-இல் அவர்களை இடம்பெயர்க்கும் பெருந்திட்டம் தொடங்கியது. மொத்தம் 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பெரும்பாலோருக்குக் கோட்டைக்கு வடக்கே ஹுவாங் சோ பகுதியில் மனை கொடுத்தார்கள். அகலத் தெருவும் குழாய்த் தண்ணீரும் உள்ள புதுக் குடியிருப்பு.

1805-இல் சுவர் கட்ட எட்டு ஊர்கள் கிளம்பின. சுவரை மீட்க இப்போது இன்னொரு நகரமே கிளம்பியிருக்கிறது. இந்த முறை போகிறவர்களுக்குப் பட்டாவும் ஈட்டுத்தொகையும் உண்டு, அது பெரிய வேறுபாடு. குடிசைகள் அகன்ற இடங்களில் புல்வெளியும் நடைபாதையும் வந்துவிட்டன. காலையில் முதியவர்கள் அங்கே நடக்கிறார்கள். அந்த நடைபாதையில் ஒரு பலகை வைத்து, 1805-இல் போனவர்களையும் 2019-க்குப் பின் போனவர்களையும் பற்றி எழுதலாம். அதுவரை வழிகாட்டியிடம் கேட்டால் போதும். வழிகாட்டிகளில் பலர் இந்த ஊர்ப் பிள்ளைகள், சுவரின் மேல் குடியிருந்த யாரையாவது நேரடியாகத் தெரிந்தவர்கள்.